குத்துச்சண்டையில் கால் பழகுவது எப்படி: முதல் 12 வாரங்கள்

குத்துச்சண்டை பழக ஆரம்பித்து எட்டாவது மாதம், ஸ்பாரிங்கில், அதாவது துணையோடு ஆடும் பயிற்சிச் சண்டையில், விழுந்தேன். பலமான அடியெல்லாம் இல்லை. நான் இடது பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தேன், எதிரில் இருந்தவர் ஒரு சாதாரண ஜாபை (முன்கையால் நேராகக் குத்துவது) என் நெஞ்சில் வைத்தார். வலியே இல்லை, ஆனால் அடுத்த நொடி தரையில் உட்கார்ந்திருந்தேன். குனிந்து பார்த்தால் வலது பாதம் இடது பாதத்துக்கு முன்னால் வந்து, இரண்டு கணுக்கால்களும் பின்னிக் கிடந்தன. எட்டு மாதமாக தினமும் பையைக் குத்தியிருந்தேன். நகரும்போது எந்தக் கால் முதலில் போக வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அதன் பிறகு மூன்று மாதம், கையை ஓரமாக வைத்துவிட்டு, நிற்பதிலிருந்து தொடங்கிக் கால் பழகினேன். எந்த வரிசையில் பழகியிருந்தால் அந்த எட்டு மாதம் மிச்சமாகியிருக்குமோ, அந்த வரிசையில் இதை எழுதுகிறேன்.

இடது கால் முன்னால், வலது கால் பின்னால் வைத்து நிற்கும் ஆர்தடாக்ஸ் நிலைக்காக எழுதியிருக்கிறேன். நீங்கள் இடக்கைக்காரராக இருந்து வலது காலை முன்வைக்கும் சவுத்பா என்றால், இடதை வலதாகவும் வலதை இடதாகவும் மாற்றிப் படியுங்கள்.

1. தொடங்கும் முன்: என்ன வாங்குவது, எதை வாங்க வேண்டாம்

முதல் மாதத்துக்கு மூன்றே பொருள் போதும்: ஒரு ஸ்கிப்பிங் கயிறு, தரையில் ஒட்ட ஒரு சுருள் டேப், ரவுண்டு நேரம் சொல்ல கைபேசியில் ஒரு டைமர். இடம் 3 மீட்டருக்கு 3 மீட்டர் இருந்தால் தாராளம். மரத்தரை நல்லது. சிமெண்ட் தரையில் நடை பழகலாம், ஆனால் நீண்ட நேரம் கயிறு குதிக்க வேண்டாம், கால் முன்னெலும்பில் வலி வந்துவிடும்.

பணம் போட வேண்டிய இடம் ஷூ. ஆனால் முதல் நாளே வாங்க வேண்டியதில்லை. அடிப்பாகம் தட்டையாக, மெலிதாக உள்ள சாதாரண கேன்வாஸ் ஷூ ஒரு மாதத்துக்குத் தாங்கும். ஓட்டப்பயிற்சி ஷூவை மட்டும் போட வேண்டாம். அதன் குதிகால் பகுதி உயரமாகவும் மெத்தென்றும் இருக்கும், அதனால் எடை எங்கே இருக்கிறது என்று பாதத்துக்குத் தெரியாது. அதைவிட மோசம், அந்த ஷூவின் அடி தரையைக் கவ்விக்கொள்ளும். பாதம் சுழல வேண்டிய இடத்தில் பாதம் நின்றுவிட்டால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். பிவட் (முன்பாதத்தில் சுழன்று திரும்புவது) பழக ஆரம்பிக்கும்போது, அதாவது நாலாவது வாரம், பாக்சிங் ஷூ வாங்குங்கள். விலை அதிகமானதுதான் நல்லது என்றில்லை. கடையிலேயே போட்டுக்கொண்டு முன்பாதத்தில் நின்று அரைச்சுற்று திரும்பிப் பாருங்கள், சிக்காமல் திரும்பினால் அது போதும்.

வெறுங்காலில் பழகலாமா என்று பலர் கேட்கிறார்கள். நேராக நடக்கும் பயிற்சிக்குச் சரி. ரப்பர் பாயில் வெறுங்காலில் சுழன்றால் பெருவிரலுக்குக் கீழே தோல் உரிந்துவிடும், ஒரு வாரம் வீணாகும்.

காகித வேலை இரண்டு உண்டு. ஒன்று, முழங்கால், கணுக்கால், இதயம், ரத்த அழுத்தம் இவற்றில் ஏதாவது தொந்தரவு இருந்தால் டாக்டரைப் பார்த்து உடற்தகுதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பாரிங் என்று வரும்போது பல பயிற்சிக்கூடங்களில் இதைக் கேட்பார்கள், கூடவே சம்மதப் படிவம் ஒன்றும் நிரப்பச் சொல்வார்கள். கடைசி நாளில் அலையாமல் முன்பே வாங்கி வைப்பது நல்லது. இரண்டு, ஒரு நோட்டு. தேதி, எத்தனை ரவுண்டு, எது வரவில்லை, எங்கே வலித்தது, இந்த நாலும் எழுதினால் போதும். கால் பழக்கத்தில் முன்னேற்றம் மெதுவாக வருவதால் கண்ணுக்குத் தெரியாது. நோட்டு இல்லாவிட்டால் மூன்றாவது வாரம் சலித்துப்போய் விட்டுவிடுவீர்கள்.

2. நிற்பது (முதல் வாரம்)

தரையில் நேராக ஒரு மீட்டர் நீளத்துக்கு டேப் ஒட்டுங்கள். இடது பாதத்தின் பெருவிரல் அந்தக் கோட்டைத் தொட வேண்டும். வலது பாதத்தின் குதிகால் அதே கோட்டைப் பின்னாலிருந்து தொட வேண்டும். இரண்டு பாதங்களுக்கும் இடையே தோள் அகலமோ அதைவிடக் கொஞ்சம் கூடவோ இருக்கட்டும். இடது பாதத்தின் விரல்கள் கொஞ்சம் உள்பக்கமாக, வலது பாதம் சுமார் 45 டிகிரி வெளிப்பக்கமாக. முழங்கால்கள் பூட்டாமல் லேசாக மடங்கியிருக்கட்டும். வலது குதிகால் தரையிலிருந்து ஒரு விரல் கனம் எழும்பியிருந்தால் போதும். எடை இரண்டு காலிலும் பாதிப்பாதி.

இங்கே இரண்டு தவறுகள் சகஜம். ஒன்று, இரண்டு பாதங்களும் ஒரே கோட்டில், கம்பியில் நடப்பவர் மாதிரி நிற்பது. பக்கவாட்டில் யாராவது லேசாகத் தள்ளினாலே சாய்ந்துவிடுவீர்கள். இன்னொன்று, மார்பை முழுக்க முன்னால் காட்டிக்கொண்டு இரண்டு பாதங்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது. அப்போது நெஞ்சில் ஒரு தள்ளல் போதும்.

சோதித்துப் பார்க்க நண்பரைக் கூப்பிடுங்கள். அவர் ஒருமுறை நெஞ்சிலும், ஒருமுறை இடது தோளிலும், ஒருமுறை வலது தோளிலும் உள்ளங்கையால் மிதமாகத் தள்ளட்டும். பாதம் நகராமல் முழங்காலால் தாங்க முடிந்தால் உங்கள் நிலை சரி. எந்தத் தள்ளலில் பாதம் நகர்கிறதோ அந்தத் திசையில் இடைவெளி போதவில்லை என்று அர்த்தம்.

ஒரு வாரம் முழுக்க இதற்கா என்று தோன்றும். ஆமாம். பல் தேய்க்கும்போதும், பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் இப்படி நிற்கலாம். கீழே பார்க்காமல் கால் தானாக அந்த இடத்துக்குப் போய் உட்கார வேண்டும்.

3. எட்டு எடுத்து வைப்பது (இரண்டு முதல் மூன்றாம் வாரம்)

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

விதி ஒன்றே ஒன்று: எந்தப் பக்கம் போகிறீர்களோ அந்தப் பக்கத்துக் கால் முதலில் போகும். முன்னால் போனால் இடது கால், பின்னால் போனால் வலது கால். இடது பக்கம் என்றால் இடது, வலது பக்கம் என்றால் வலது. இன்னொரு கால் பின்தொடர்ந்து, அதே அளவு நகர்ந்து, பழைய இடைவெளியை மீட்டுக்கொள்ளும். பாதங்கள் ஒன்றையொன்று தாண்டக்கூடாது, ஒட்டவும் கூடாது.

நடப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தள்ளுவதில் இருக்கிறது. முன்னால் போக வேண்டும் என்றால் இடது காலை நீட்டி எடை போடுவது நடை. வலது முன்பாதத்தால் தரையைப் பின்னுக்கு உந்த, அந்த உந்தலில் இடது கால் சறுக்கிப் போவதுதான் நமக்கு வேண்டியது. உந்தும் கால் எது என்று ஒவ்வொரு திசையிலும் மனதுக்குள் சொல்லிப் பழகுங்கள்: முன்னால் போக வலது உந்தும், பின்னால் போக இடது உந்தும். சில நாளில் கெண்டைக்கால் வலிக்கும். தொடை மட்டும் வலித்தால் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறீர்கள்.

ஒரு எட்டு எவ்வளவு? ஆரம்பத்தில் 15 செ.மீ. போதும். பெரிய எட்டு வைத்தால், முதல் கால் போய், இரண்டாவது கால் வந்து சேரும்வரை நீங்கள் கால் விரித்தபடி நிற்கிறீர்கள். அந்த நேரத்தில் அடியும் கொடுக்க முடியாது, விலகவும் முடியாது. நீண்ட தூரம் போக வேண்டுமா, சின்ன எட்டாக மூன்று வையுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் உதவிய சோதனை. நீங்கள் நிற்கும் இடத்தில் இரண்டு பாதங்களையும் சுற்றி டேப்பால் அடையாளம் ஒட்டுங்கள். முன்னால் நாலு எட்டு, பின்னால் நாலு எட்டு, கீழே பார்க்காமல். முடித்ததும் பாருங்கள். இரண்டு பாதமும் பழைய அடையாளத்துக்குள் இருந்தால் சரி. நான் முதலில் செய்தபோது வலது பாதம் ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. ஒவ்வொரு எட்டிலும் பின்கால் கொஞ்சம் கூடுதலாக வந்து, நாலு எட்டில் என் நிலை பாதியாகச் சுருங்கியிருந்தது. அன்று நெஞ்சில் விழுந்த ஜாபுக்கு நான் ஏன் உட்கார்ந்தேன் என்று அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. சிலருக்கு இது தலைகீழாக நடக்கும்: பின்கால் சோம்பலாகக் கொஞ்சமாக வரும், நிலை அகன்றுகொண்டே போகும். முன்பின் சரியானதும் இடது வலது, அப்புறம் ஒரு சதுரம்: முன்னால் இரண்டு, வலது இரண்டு, பின்னால் இரண்டு, இடது இரண்டு.

பயிற்சி நாள் ஒவ்வொன்றிலும் 3 நிமிட ரவுண்டு நாலு, நடுவே 1 நிமிட ஓய்வு. முதல் ரவுண்டு முன்பின், இரண்டாவது பக்கவாட்டு, மூன்றாவது சதுரம், நாலாவது உங்கள் விருப்பம். நாலாவது ரவுண்டில் யாராவது எதிர்பாராத நேரத்தில் கை தட்டட்டும். தட்டிய நொடி அப்படியே உறைந்து நில்லுங்கள். இந்த நிலையிலிருந்து இப்போதே குத்த முடியுமா, இப்போதே தள்ளினால் தாங்குவேனா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றால் தொடருங்கள்.

காதையும் பயன்படுத்துங்கள். சரியாக நகர்ந்தால் சரசரவென்று தேய்க்கும் சத்தம் வரும். தொப் தொப்பென்று கேட்டால் பாதத்தைத் தூக்கித் தூக்கி வைக்கிறீர்கள். கண்ணாடி இருந்தால் தலை மேலும் கீழும் ஆடுகிறதா என்று பாருங்கள், நெற்றி ஒரே மட்டத்தில் போக வேண்டும்.

ஒரு பொறி: முகமது அலியின் காணொளிகளைப் பார்த்துவிட்டு முதல் வாரமே கையைத் தொங்கவிட்டுத் துள்ள ஆரம்பிப்பது. துள்ளலில் இரண்டு பாதமும் காற்றில் இருக்கும் நேரம் என்று ஒன்று உண்டு, அந்த நேரத்தில் திசை மாற்ற முடியாது. எப்போது காற்றில் இருக்கலாம், எப்போது கூடாது என்று அவருக்குத் தெரியும். நமக்குத் தரையில் நகரவே இன்னும் வரவில்லை.

4. கயிறு

கயிற்றின் நடுவில் ஒரு காலால் மிதித்து நின்றால் கைப்பிடிகள் அக்குள்வரை வர வேண்டும், அதுதான் உங்கள் நீளம். முன்பாதத்தில் மட்டும் இறங்குங்கள். கயிறு நுழையும் அளவுக்கு எழும்பினால் போதும். முதல் இரண்டு வாரம் நாளுக்கு இரண்டு ரவுண்டு, வாரத்துக்கு மூன்று நாள். கால் முன்னெலும்பின் ஓரம் தொட்டால் வலித்தால் உடனே நிறுத்தி, வலி போகும்வரை குதிக்காதீர்கள். வலியோடு குதித்தால் நாட்களில் போக வேண்டியது மாதக்கணக்கில் இழுக்கும். கயிறு கெண்டைக்காலுக்கும் தாளத்துக்கும் நல்லது, ஆனால் கயிறு நன்றாக வருவதால் மட்டும் கால் பழக்கம் வந்துவிடாது.

5. பிவட் (நாலு முதல் ஐந்தாம் வாரம்)

பாக்சிங் ஷூ இந்த இடத்தில் வேண்டும். இடது முன்பாதம் தரையில் ஆணி அடித்த மாதிரி இருக்கட்டும், குதிகால் லேசாக எழும்பட்டும். வலது கால் பின்பக்கமாக இடது புறம் நோக்கி வளைந்து போகும், உடம்பு வலது பக்கம் திரும்பும். முதலில் 45 டிகிரி, பிறகு 90. திரும்பி முடித்ததும் உங்கள் நிலை அதே அகலத்தில் இருக்க வேண்டும். டேப்பால் கூட்டல் குறி ஒட்டி, அதன் நடுவில் இடது முன்பாதத்தை வைத்துப் பழகுங்கள். நாலு பிவட்டில் ஒரு முழுச்சுற்று.

குதிகாலைத் தரையில் அழுத்தியபடி திரும்பாதீர்கள். பாதம் நின்று உடம்பு மட்டும் திரும்பினால் அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும்.

இது எதற்கு என்றால், எதிராளியின் நேர்க்கோட்டிலிருந்து விலகி, அவர் திரும்புவதற்குள் அவருக்குப் பக்கவாட்டில் இருப்பதற்கு. இடது காலை இடப்பக்கம் எடுத்துவைத்து, அந்தக் காலில் சுழன்றால், அவர் பழைய திசையைப் பார்த்துக்கொண்டிருப்பார், நீங்கள் அவர் தோளைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். உக்ரைன் வீரர் வாசில் லோமசென்கோ சண்டைகளைப் பார்த்தால் இது எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும். 2008, 2012 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கியவர். சிறுவயதில் அவர் அப்பா அவரைப் பாக்சிங்கிலிருந்து நிறுத்தி நடனம் கற்க அனுப்பினார். அவர் சவுத்பா என்பதை மட்டும் நினைவில் வைத்துப் பாருங்கள்.

எதிரில் இருப்பவரும் ஆர்தடாக்ஸ் என்றால் இடது பக்கம் போகும்போது அவருடைய வலது கையின் பக்கம் போகிறீர்கள். எனவே ஜாபோ, ஹூக்கோ (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் குத்துவது) கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், போன இடத்தில் நின்று வேடிக்கை பார்க்கக்கூடாது.

6. கையைச் சேர்ப்பது (ஆறு முதல் ஏழாம் வாரம்)

காலுக்கு வந்த ஒழுங்கு, கை நீண்ட உடனே கலைந்துவிடும். அதனால் ஒரே ஒரு ஜாபில் தொடங்குங்கள். முன்னால் எட்டு வைக்கும்போது இடது பாதம் தரையைத் தொடுவதும் ஜாப் முழுதாக நீள்வதும் ஒரே நேரம். கை முன்னாடியும் கால் பின்னாடியும் போனால் சாய்ந்துதான் குத்துகிறீர்கள். மூக்கு இடது முழங்காலைத் தாண்டினால் அதுவே அறிகுறி.

அடுத்து ஜாப், கிராஸ் (பின்கையால் நேராகக் குத்துவது). ஜாபோடு இடது கால், கிராஸ் போகும்போது வலது கால் வந்து சேர்ந்து, முன்பாதத்தில் சுழன்று குதிகால் வெளியே திரும்பும். அப்புறம் ஒரு கட்டாயம்: கடைசிக் குத்துக்குப் பிறகு ஓர் அசைவு. பின்னால் ஓர் எட்டு, அல்லது பக்கவாட்டில், அல்லது பிவட். ஷேடோ பாக்சிங்கில் (எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகுவது) ஒவ்வொரு முறையும் இப்படி முடித்துப் பழகாவிட்டால், ஸ்பாரிங்கில் குத்திவிட்டு அங்கேயே நிற்பீர்கள். நான் வாங்கிய அடிகளில் பெரும்பகுதி அப்படி நின்றபோது வாங்கியவை.

வாரம் ஒருமுறை கைபேசியைத் தரையில் சாய்த்துவைத்து இடுப்புக்குக் கீழே மட்டும் தெரியும்படி ஒரு ரவுண்டு பதிவு செய்யுங்கள். முழு உடம்பும் தெரிந்தால் கண் கைக்குத்தான் போகும்.

7. பை (எட்டாம் வாரம்)

பையின் முன்னால் வேரூன்றி நிற்பதுதான் இங்கே பொறி. குத்தினால் பை போகும், திரும்பி வரும். அது போகும்போது பின்தொடர்ந்து உள்ளே போங்கள், வரும்போது பின்னாலோ பக்கவாட்டிலோ விலகுங்கள். ஒரு ரவுண்டு முழுக்க ஜாப் மட்டும், இடது பக்கமாகச் சுற்றிக்கொண்டு. அடுத்த ரவுண்டு வலது பக்கமாக. வலது பக்கம் போவது கட்டாயம் தடுமாறும், அதனால் அதற்கு ஒரு ரவுண்டு கூடுதலாகக் கொடுங்கள்.

8. எதிரில் ஓர் ஆள் (ஒன்பது முதல் பன்னிரண்டாம் வாரம்)

முதலில் தூரம். துணைக்கு ஒருவரை நிறுத்தி, உங்கள் ஜாபை முழுதாக நீட்டி அவர் கையுறையை மெல்லத் தொடுங்கள். அதுதான் உங்கள் தூரம். அங்கிருந்து அரை எட்டு பின்னால் இருந்தால் நீங்கள் தொட முடியாது. அவர் கை உங்கள் கையைவிட நீளமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், நீளமென்றால் இன்னும் அரை எட்டு. இந்தக் கோட்டுக்கு வெளியே இருந்து, உள்ளே போய், தொட்டு, வெளியே வர வேண்டும். கோட்டின் மேலேயே நிற்பது ஆபத்து.

குத்தே இல்லாத இரண்டு பயிற்சிகள் உண்டு. ஒருவர் நகர, மற்றவர் அதே தூரத்தை விடாமல் கண்ணாடி மாதிரி நகர்வது. ஒருவர் தோளை ஒருவர் தொட முயல்வது. இரண்டாவது மூன்று ரவுண்டு ஆடினால் முன்பு பழகியதெல்லாம் மறந்து கால் பின்னும். அது இயல்புதான், மறுநாள் மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய் நாலு ரவுண்டு செய்யுங்கள்.

எதிரில் இருப்பவர் சவுத்பா என்றால் உங்கள் முன்காலும் அவர் முன்காலும் நேருக்கு நேர் வரும், மிதித்துக்கொள்வீர்கள். உங்கள் இடது பாதம் அவருடைய வலது பாதத்துக்கு வெளியே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் உங்கள் கிராஸுக்கு வழி நேராகும்.

ரிங் நினைப்பதைவிடச் சின்னது. ஒலிம்பிக் பாணிப் போட்டிகளில் கயிறுகளுக்குள் ஒரு பக்கம் 6.10 மீட்டர். நடுவிலிருந்து கயிறு 3 மீட்டர் தூரம்தான். பின்னாலேயே போனால், ஓர் எட்டு 30 செ.மீ. என்றால், பத்தாவது எட்டில் முதுகு கயிற்றில் முட்டும். அதனால் நேராகப் பின்னால் இரண்டு எட்டுக்கு மேல் போகாதீர்கள், மூன்றாவது பக்கவாட்டில் இருக்கட்டும். நீங்கள் துரத்துகிறவர் என்றால் அவர் பின்னாலேயே ஓடாதீர்கள். அவர் போகப்போகும் பக்கம் ஒரு எட்டு குறுக்கே வையுங்கள். அவர் சுற்றி வர ஐந்து எட்டு ஆகும் தூரத்தை நீங்கள் இரண்டில் அடைத்துவிடலாம்.

9. நாள் கணக்கும் ஸ்பாரிங்கும்

வாரத்துக்கு நாலு நாள், நாளுக்கு 25 முதல் 30 நிமிடம். இதைவிட அதிகம் செய்ய ஆசை வரும், வேண்டாம். கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் தேறுவதற்கு இடைவெளி வேண்டும். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலுக்கு மேலே இறுக்கமும் வலியும் இருந்தால் அன்றைக்குக் கயிறு கிடையாது. களைத்த பிறகு கால் பழகாதீர்கள், பயிற்சியின் முதல் அரைமணி நேரத்தில் பழகுங்கள். களைப்பில் பழகினால் பின்னும் கால்தான் பழக்கமாகும்.

பன்னிரண்டு வாரம் முடிந்து, அடையாளச் சோதனையில் மூன்று முறைக்கு மூன்று முறையும் பாதம் டேப்புக்குள் வந்தால், ஸ்பாரிங் கேளுங்கள். மவுத்கார்டு, தலைக்கவசம், டாக்டர் சான்று மூன்றும் கையில் இருக்கட்டும். முதல் நாள் கோச்சிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: இன்றைக்கு ஜாப் மட்டும், மெதுவாக, இரண்டு ரவுண்டு. அதற்குச் சம்மதிக்காமல் பலமாக அடிக்கிறவரோடு கோர்த்துவிட்டால் கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தலையில் அடிபட்டுத் தலைவலி, குமட்டல், மங்கலான பார்வை எது வந்தாலும் அன்றோடு நிறுத்தி டாக்டரைப் பாருங்கள், அவர் சரி என்று சொல்லும்வரை ஸ்பாரிங் கூடாது.

அன்று வீட்டுக்கு வந்ததும் நோட்டில் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள்: அடி வாங்கிய நேரத்தில் என் கால் எங்கே இருந்தது? நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுதுங்கள். அடுத்த வாரம் இரண்டு ரவுண்டையும் யாரிடமாவது சொல்லிப் பதிவு செய்யுங்கள், இடுப்புக்குக் கீழே.